எந்திரத்துக்கு மூன்றாவது கை

என் பாவத்துக்காக ஒரு எலி செத்துப்போனது. மற்றதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெரிய ரோட்டை விட்டு அரை மைல் உள்ளே தள்ளி எங்கள் தெரு இருந்தது. வேதக்காரத் தெரு என்று ஊரில் சொல்வார்கள். இருபது வீடு இருக்கும். ஒரு வீட்டுக்கும் சொந்த நிலம் கிடையாது, எல்லாரும் ஆண்டையின் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். தெருக்கோடியில் எங்கள் கோயில். மண்சுவர், பனையோலைக் கூரை, கூரை உச்சியில் ஒரு மரச்சிலுவை. அதற்கு ஒரு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் மற்ற நாளில் எங்களுக்கு அரிச்சுவடியும் அவர் பொறுப்பு.

அந்த வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு அவரவர் கூலியாக வாங்கிய தானியத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கேப்பை, பூசணிக்காய், கால் கட்டிய ஒரு சேவல், ஒரு கூடை நிறைய மல்லாட்டை. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பண்டிகைக்கு முந்தின நாள் கோயிலைப் பெருக்க என்னை அனுப்பினார்கள். அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பிடி என்றுதான் கூடையில் கை வைத்தேன். நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளம் தெரியாமல் இருக்கட்டும் என்று ஓரத்திலிருந்தும் எடுத்துத் தின்று சமப்படுத்தினேன். தோலையெல்லாம் சுவரில் இருந்த ஓர் ஓட்டைக்குள் திணித்துவிட்டு, பெருக்கி முடித்த நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உபதேசியார் ஓட்டையைப் பார்த்தார். எலி என்று முடிவு கட்டினார். பொறி வைத்தார். மூன்றாம் நாள் உண்மையாகவே ஒரு எலி மாட்டியது. அதை வாலைப் பிடித்துத் தூக்கி, "ஆண்டவரு பங்கையே துன்ட்டியா நீ?" என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். எலி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இது நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை, உலகம் முடியப்போகிறது என்ற செய்தி வந்தது.

செய்தி கொண்டுவந்தவர் ஒரு பிரசங்கியார். மதராஸ் பக்கத்திலிருந்து ரயிலேறி விழுப்புரத்தில் இறங்கி ஊர் ஊராக நடந்து வந்துகொண்டிருந்தார். தோளில் நீளமான ஒரு துணிச்சுருள். அதைக் கோயில் சுவரில் மாட்டி அவிழ்த்துவிட்டார் என்றால், அம்மாடி, பத்துக் கொம்பு மிருகம் என்ன, வாயில் நெருப்புக் கக்கும் குதிரை என்ன, மேகத்தின்மேல் எக்காளம் ஊதும் தூதர்கள் என்ன! பத்துக் கொம்பு மிருகத்தின் முகம் ஆண்டையின் காரியக்காரர் முகத்தை உரித்து வைத்தாற்போல் இருக்கிறது என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அதிலிருந்து எனக்கு அந்த மிருகத்தைப் பார்த்து பயம் போய்விட்டது.

பிரசங்கியார் நல்ல மனிதர். குரல் கணீரென்று இருக்கும். மேசியா சின்ன ஊரில் பிறப்பார், கழுதைமேல் ஏறி வருவார் என்று தீர்க்கதரிசிகள் எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னே சொன்னார்கள், சொன்னபடியே நடந்தது, பாதி நடந்துவிட்டதென்றால் மீதி நடக்காமலா போகும் என்று கேட்டார். யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. அடையாளங்களையும் சொன்னார். சண்டை வரும் என்றிருக்கிறது, வந்துவிட்டது. தினம் ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. பஞ்சம் வரும் என்றிருக்கிறது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மதராஸ்காரர்கள் குண்டு விழும் என்று பயந்து தட்டுமுட்டுச் சாமானோடு வண்டி வண்டியாகப் பெரிய ரோட்டில் போவதை நாங்களே பார்த்திருந்தோம். ஆகையால் இனி எக்காளம் ஒன்றுதான் பாக்கி. அது எந்த நாள், எந்த நாழிகை என்று ஒருவருக்கும் தெரியாது. அது ஊதினதும் ஆண்டவர் தம்முடையவர்களை மேலே எடுத்துக்கொள்வார். வயலில் இரண்டு ஆண்கள் இருப்பார்கள், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், மற்றவன் தங்கிவிடுவான். இரண்டு பெண்கள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் தங்கிவிடுவாள்.

கடைசியாக இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "அந்த நேரத்துல கையில ஒண்ணத்தையும் புடிச்சிக்கினு இருக்காதீங்க. எத்தையாவது புடிச்சிக்கினு இருக்கறவங்க இங்கயே தங்கிடுவாங்க. வுட்டுடுங்க, எல்லாத்தையும் வுட்டுடுங்க!" என்றார். பிறகு படத்தைச் சுருட்டிக்கொண்டு, கேப்பைக்கூழ் ஒரு கலயம் குடித்துவிட்டு, வளவனூர் பக்கம் போய்விட்டார். போனவருக்கு, தான் விட்டுப்போனது என்னவென்று கடைசிவரை தெரிந்திருக்காது.

பட்டணத்துக்காரர்கள் கேட்டால் எந்திரத்தில் இரண்டு பெண்கள் என்பது ஓர் உவமை. எங்களுக்கு அது காலை வேலை. வட்டமான இரண்டு கல், மேற்கல்லில் ஒரு மரப்பிடி, எதிரெதிரே இரண்டு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பிடியைச் சேர்ந்து பிடித்துச் சுற்றுவார்கள். விடிந்ததும் இருபது வீட்டிலும் அந்தக் கடகட சத்தம் கேட்கும். அதை அரைத்தால்தான் அன்றைக்குக் கூழ். எங்கள் வீட்டில் அந்த இரண்டு பெண்கள் அம்மாவும் அத்தையும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தாள். கோயிலில் பாட்டைத் தொடங்கிவைப்பது அவள்தான். தெருவில் யாராவது மேலே போவது நிச்சயம் என்றால் அது அத்தைதான், இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, முக்கியமாக அத்தைக்குக் கிடையாது. எந்திரம் அம்மா கொண்டுவந்தது. கல்யாணத்தின்போது முகையூரிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். தெருவிலேயே பெரிய கல். அதை இடம் மாற்ற இரண்டு ஆம்பளை வேண்டும்.

பிரசங்கியார் போன மறுநாள் காலை இருவரும் எந்திரத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பிடியை யாரும் தொடவில்லை.

"இன்னாமே, புடி" என்றாள் அத்தை.

"நீங்க புடிங்க அண்ணி."

"நான் புடிச்சா நீ புடிக்கலியா?"

"ரெண்டு பேரா அரச்சா ஒருத்தருதான் போவாங்களாம். நீங்க போறது தெரிஞ்ச கதைதான? காலங்காத்தால நான் எதுக்கு அத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கணும்?"

"நான்தான் போவேன்னு யாருமே சொன்னது?" என்று அத்தை கேட்டாள். கேட்கும்போது முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் முதலில் அம்மா தனியாக அரைத்தாள், பிறகு அத்தை தனியாக அரைத்தாள். அந்தக் கல்லைத் தனியாளாய்ச் சுற்றுவது லேசா? மாவு பாதி, நொய் பாதி. எங்கள் வீடு மட்டுமில்லை, தெரு முழுவதும் அதே கூத்து. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெண்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேதத்தில் இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது. மூன்று பேரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆகவே எந்திரத்துக்கு மூன்று பேர். உபதேசியாரிடம் கேட்டதற்கு அவர் நெடுநேரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மூணு பேரப் பத்தி ஒண்ணும் இல்லதான்" என்று ஒப்புக்கொண்டார். அவர் பாவம், வேறு என்ன சொல்வார்?

பெண்கள் மூன்றானால் ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஏற்றம் இறைக்க இரண்டு ஆள் போதும், ஒருவன் மேலே மரத்தில் ஏறி நடக்க, ஒருவன் கீழே சால் என்கிற வாளியைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்க்க. எங்கள் தெரு ஆண்கள் மூன்று மூன்று பேராகப் போய் நின்றார்கள். மூன்றாவது ஆள் பாட்டுப் பாடினான். காரியக்காரர் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒரு ஏத்தத்துக்கு மூணு பேரா? இன்னாடா பேஜாரு இது?"

"எங்க ஆண்டவரு வர்ற வரைக்கும் இப்டித்தாங்க" என்றார் அப்பா, பணிவாக.

"எந்த ஆண்டவன்டா வர்றான், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம?"

அப்பா இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டியபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. அவள் வேறு பழக்கத்தில் இருந்தாள். அரைக்கும்போது தூரத்தில் ரயில் கூவினால் போதும், பிடியைப் படக்கென்று விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொள்வாள். கையில் ஒன்றும் இருக்கக்கூடாதல்லவா? விழுப்புரம் வண்டி ஒன்று, திண்டிவனம் வண்டி ஒன்று, சரக்கு வண்டி இரண்டு. இப்படி விட்டு விட்டுப் பிடித்தால் மாவு எங்கே விழும்?

எல்லாருக்கும் இது விளையாட்டும் பயமும் கலந்த சங்கதியாக இருந்தது. எனக்கு விளையாட்டில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தை போய்விடுவாள். அது போகட்டும். நான் தங்கிவிடுவேன். ஆண்டவருடைய மல்லாட்டையைத் தின்றுவிட்டு எலியைக் காட்டிக்கொடுத்தவளுக்கு மேலே என்ன வேலை? உபதேசியாரிடம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் செத்த எலியைத் திருப்பிக் கொடு என்று கேட்டால் எங்கே போவேன்? ஆக, நான் தங்குவது நிச்சயம். மிச்சம் இருப்பது அம்மா. அம்மா பொய் சொல்லமாட்டாள், பிறத்தியார் பொருளைத் தொடமாட்டாள். அம்மா போய்விட்டால் எனக்குத் தலை வாரிவிடுவது யார்? ராத்திரி யார் பக்கத்தில் படுப்பது? இரண்டு நாள் கூழ் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. நான் மேலே போக முடியாதென்றால் அம்மாவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அம்மா ஏதாவது பாவம் செய்ய வேண்டும். பெரிய பாவம் வேண்டாம், தங்குகிற அளவுக்கு ஒன்று.

அதிர்ஷ்டம் என் பக்கம் இருந்தது. அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் திண்டிவனம் சந்தைக்குப் போய்விட்டார். காரியக்காரர் ஆள் அனுப்பி, எங்கே என்று கேட்டார். "ஜொரங்க, போத்திக்கினு பட்த்துங்கீறாரு" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். எனக்கு ஆகாசத்தில் பறக்கிற சந்தோஷம். அம்மா பொய் சொல்லிவிட்டாள்! ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் பொழுது சாயும்வரைதான் நின்றது. விளக்கு ஏற்றியதும் ஜெபம். அம்மா முழங்கால் போட்டு, "இன்னிக்கு வாய் தவறி ஒரு பொய் சொல்லிட்டேன் ஆண்டவரே, மன்னிச்சிடும்" என்று ஒரே வரியில் அழித்துவிட்டாள். பாடுபட்டுக் கிடைத்த பாவம் இப்படிப் போய்விட்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, ஜெபம் பண்ண விட்டால்தானே? மறுநாளிலிருந்து விளக்கு ஏற்றியதும் எனக்கு வயிற்றுவலி வந்தது. அம்மா முழங்கால் போடப் போகும்போது "ஐயோ!" என்று சுருண்டு விழுவேன். முதல் நாள் ஓமத்தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் நாள் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வாயில் போட்டு மூக்கைப் பிடித்தாள். மூன்றாம் நாள் எனக்கு வயிற்றுவலி வரவில்லை.

பிறகுதான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன். கோபமும் ஒரு பாவம் என்று உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மாவிடம் போய், "நீ எங்க மேல போவப்போறன்னு அத்த சொன்னாங்க" என்றேன். அத்தையிடம் போய், "சத்தமா பாட்டு பாடினா மட்டும் பத்தாதுன்னு அம்மா சொல்லிச்சி" என்றேன். இருவருமே அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இருவருமே மனசுக்குள் அப்படி நினைத்திருப்பார்கள்போல, இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டார்கள்.

அதிலிருந்து பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனால் பேசுவதெல்லாம் சுவரோடு. "சொவுரே, இன்னிக்கி கூழுல உப்பு கொஞ்சம் தூக்கலாக் கீதுன்னு சொல்லு" என்பாள் அத்தை. "மேல போறவங்களுக்கு உப்பு இன்னா, சக்கர இன்னா சொவுரே" என்பாள் அம்மா. அப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இந்த சொவுரு பாவம், நாளைக்கு இடிஞ்சி வுழும் பாரு" என்று எனக்குக் கண் அடிப்பார். மற்ற வீட்டில் எல்லாம் மூன்று பேர் சேர்ந்து அரைக்கிறார்கள், எங்கள் வீட்டில் ஒருவர் ஒருவராய் அரைக்கிறார்கள். நொய்க்கூழைக் குடித்துக் குடித்து எனக்கு உண்மையாகவே வயிறு வலித்தது. அதை இப்போது யாரும் நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்று நினைத்தேன். அடுப்பு மூட்டவே இல்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் பாப்பா, அம்மா இன்னா அவ்ளோ கெட்டவளா?"

இல்லை என்று சொன்னால் அம்மா போய்விடுவாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் இன்னும் கொஞ்சம் அழுதாள். அந்தப் பாவத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை. மல்லாட்டையாவது எலியோடு போனது.

அன்றைக்கு ராத்திரி அப்பா கூழ்க்கலயத்தை நகர்த்தி வைத்துவிட்டார். "இது கூழா, மணலா? நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து அரச்சிதான் ஆவணும். மூணாவது ஆளு வேணும்னா தோ, இவ கீறா இல்ல? இவளக் குந்த வெய்ங்க. பேசணும்னு நான் சொல்லல. அரைங்க." அப்பா சத்தம் போட்டுப் பேசுவது வருஷத்துக்கு ஒரு முறை. அதனால் அதற்கு மதிப்பு இருந்தது.

அப்படித்தான் மறுநாள் விடிந்ததும் நான் எந்திரத்துக்கு மூன்றாவது கையானேன். அப்பா ஏற்றத்துக்குப் போய்விட்டார். தை மாதம், பனி இறங்கிக்கிடந்தது, எதிர்வீடு தெரியவில்லை. அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், நடுவில் நான். பிடியின் மேலே அத்தையின் கை, நடுவில் என் கை, அடியில் அம்மாவின் கை. முதலில் மூன்று கையும் மூன்று பக்கம் இழுத்தன. பிறகு ஒரு சீராக வந்தது. மாவு விழத் தொடங்கியது. அத்தை தன்னை அறியாமல் ஒரு பாட்டை முனகினாள். அம்மா அதற்கு ஏற்றபடி ஒரு பிடி கேப்பையைக் குழியில் போட்டாள். இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் பேசியேயிருப்பார்கள்.

அப்போதுதான் கேட்டது.

பெரிய ரோட்டுப் பக்கமிருந்து, பனிக்குள்ளேயிருந்து, ஒரு பித்தளைச் சத்தம். திருவாமாத்தூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஊதும் கொம்பு எங்களுக்குப் பழக்கம், அது மாடு கத்துவதுபோல இருக்கும். இது அதில்லை. இது ஏறி ஏறிப் போனது, நின்றது, மறுபடி இன்னும் மேலே ஏறியது. எங்கள் தெருவில் ஒருவரும் பிறந்தது முதல் கேட்டிராத சத்தம்.

அத்தை பிடியை விட்டாள். பழகிய கை, தாமதிக்கவே இல்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, கண்ணை மூடி, "வந்துட்டாரு! ஆண்டவரே, வந்துட்டீரு!" என்று கூவினாள். அவருக்குச் சிரமம் வைக்கக்கூடாதென்றோ என்னவோ, குதிகாலைத் தூக்கி எம்பவும் செய்தாள்.

அம்மா எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் என் தோளை வளைத்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையால் எந்திரக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கன்னம் கல்மேல் கிடந்தது. மாவு ஒட்டிய அவள் விரல்கள் என் சதையில் பதிந்தன.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒப்புக்கொண்டாலும் ஒருவேளை சேர்த்துக்கொள்வார் என்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன்.

"மல்லாட்டய நான்தான் துன்னேன்! எலி துன்னல! எலி துன்னவே இல்ல!"

எக்காளம் நின்றது. பிறகு எங்கள் கோழி கொக்கரித்தது.

அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். மேலே வீட்டுக்கூரை, கீழே மாவு. பொத்தென்று உட்கார்ந்தாள். "ஐயோ, நான் தங்கிட்டனே! எனக்கு எடமில்லன்ட்டாரே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே திரும்பியவள் கண்ணில் அம்மா பட்டாள்.

"நீயுமா தங்கிட்ட?"

அழுகைக்கு நடுவிலும் அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதியை அத்தையால் மறைக்க முடியவில்லை.

"நானும்தான் அண்ணி" என்றாள் அம்மா. கல்லை இன்னும் விடவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு சுவர் இல்லாமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

அப்போது பனிக்குள்ளேயிருந்து அப்பா வந்தார். தலை முதல் கால் வரை சேறு. தலையில் ஒரு பாசி.

"பட்டாளம்! ரோட்டோரத் தோப்புல லாரி லாரியா பட்டாளம் எறங்கிக் கீது. ராத்திரியே வந்துட்டானுங்களாம். ஒருத்தன் நின்னுக்கினு பித்தளப் பிகில் ஊதறான்."

"நீ இன்னாடா இப்பிடி வந்து நிக்கற?" என்றாள் அத்தை.

"பிகில் சத்தம் கேட்டதும் மேல இருந்தவன் மரத்த வுட்டுக் குதிச்சான். கீழ இருந்தவன் சால வுட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கினான். ஏத்தமரம் சுத்தி வந்து ஒரு இடி இடிச்சிதே பாரு! மூணு பேருல ஒருத்தனும் மேல போவல. நான் ஒருத்தன் வாய்க்கால்ல போனேன்."

முதலில் சிரித்தது அம்மா. அம்மா சிரித்தால் வீடு அதிரும். அத்தை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா போகவில்லை. உலகம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, அம்மா போகவில்லை.

"புடிமே, மாவு பாதியில நிக்குது" என்றாள் அத்தை கடைசியில். இருவருமாகவே உட்கார்ந்து அரைத்தார்கள். மூன்றாவது கையை யாரும் கேட்கவில்லை. நான் நைசாக நழுவப் பார்த்தேன்.

"நில்லு. இன்னாடி சொன்ன நீ, எலி துன்னலியா?"

அத்தை எதையும் மறக்கமாட்டாள்.

அன்றைக்கே ஒரு படி மல்லாட்டையோடு என்னை உபதேசியாரிடம் அனுப்பினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், மல்லாட்டை வரைக்கும். அவர் எழுந்து போய்ச் சுவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நானும் யோசிச்சிருக்கணும் பாப்பா. எலி தோல உரிச்சி ஓட்டயில திணிச்சி வெக்காது" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஆனா அந்த எலி அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்துது?" என்றார்.

பட்டாளத்துக்காரர்கள் மத்தியானம் புறப்பட்டுப் போனார்கள். போகும்போது பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கோத்து வீசினார்கள். கல்லைப்போல் இருந்தது. அத்தை எனக்குக் கிடைத்ததை எந்திரத்தில் போட்டு அரைத்துக் கொடுத்தாள். ஏற்றத்துக்கு மறுபடி இரண்டே ஆள் போனார்கள். காரியக்காரர் தாம் போட்ட சத்தத்தால்தான் வழிக்கு வந்தார்கள் என்று ஆண்டையிடம் சொல்லிக்கொண்டாராம்.

என் தோளில் அம்மாவின் நான்கு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது. பத்து நாள் இருந்தது அந்தத் தடம். எனக்கு அதில் பெருமை என்றால் பெருமை. தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் தோளைத் திறந்து காட்டினேன். "நான் பாவம் பண்ணவதான். ஆனா எங்கம்மா மேல போறப்ப என்னையும் சேத்து இழுத்துக்கினு போவப் பாத்திச்சி. அதான் இப்டிப் புடிச்சிச்சி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படித்தான் நான் வெகு காலம் நம்பியிருந்தேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு மகள் பிறந்து அவளுக்கும் எட்டு வயதானபோது, அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டே இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். எலிக்குச் சிரித்தாள், அப்பாவின் தலைப்பாசிக்குச் சிரித்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எத்தையாவது புடிச்சிக்கினு இருந்தா இங்கயே தங்கிடுவாங்கன்னுதான அந்தப் பிரசங்கியாரு சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப ஆயா எதுக்குக் கல்லப் புடிச்சிக்கினாங்க?"

என் கையில் சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான் மேலே போகமாட்டேன் என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? தெரியாது. மல்லாட்டைக் கதையை நான் கத்தியது அவள் கல்லைப் பிடித்த பிறகுதான். நான் போவேனா மாட்டேனா என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இடம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று அதற்குள் அவள் முடிவு பண்ணிவிட்டிருந்தாள். ஒரு கையில் என்னை, ஒரு கையில் இரண்டு ஆம்பளை இல்லாமல் நகராத கல்லை.

வெளியே வாசலில் அம்மா கேப்பையைக் காயப்போட்டுவிட்டுக் கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம் என்று எழுந்து வாசற்படிவரை போனேன். அவளைப் பாவியாக்க நான் பாடுபட்டதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. கல்லைப் பிடித்ததைப் பற்றி அவளும் என்னிடம் சொன்னதில்லை.

"இன்னாடி, மசமசன்னு நின்னுக்கினு? கோழிய வெரட்டு" என்றாள் அம்மா.

நான் போய்க் கோழியை விரட்டினேன்.